மீன்தொட்டிக்கும் தோட்டக் குளத்துக்கும் ஏற்ற பிளாஸ்டிக் குழாய்

வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதில் நெடுநாள் பழகிய பிளம்பர் ஒருவரை அழைத்து, தோட்டத்து மீன்குளத்துக்கும் அவரையே குழாய் அமைக்கச் சொன்னால், அவர் முதலில் எடுத்து வைப்பது தடித்த சுவரும் குறுகிய துவாரமும் கொண்ட முக்கால் இஞ்சுக் குழாயாகவே பெரும்பாலும் இருக்கும். அது அவருடைய குற்றமன்று. மாடித் தொட்டியிலிருந்து இறங்கிவரும் ஜலத்தின் அழுத்தத்தைத் தாங்குவதும், ஒரு வாளியைச் சில நிமிஷங்களில் நிரப்பிக் கொடுப்பதுமே இதுநாள்வரை அவர் குழாயிடம் எதிர்பார்த்து வந்த காரியங்கள். மீன் வளர்ப்பிலோ அழுத்தம் என்பது அநேகமாக இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆனால் ஜலப் பிரவாகம் இரவும் பகலும் ஓயாமல், மிகச் சிறியதொரு மோட்டாரின் பலத்தை மட்டுமே நம்பி நடந்தேற வேண்டும். இந்த வித்தியாசத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்பவருக்கு, எந்தக் குழாயை எந்த இடத்தில் வாங்கிப் பொருத்துவது என்பதில் பின்னர் வரும் சந்தேகங்களில் பாதி தாமாகவே நீங்கிவிடும்.

பத்து மீட்டர் உயரமாக நிற்கும் நீர், தன் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. குளத்து மோட்டார்கள் ஜலத்தைத் தூக்குவது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மீட்டர்தான்; ஆகவே நம் குழாய் தாங்க வேண்டிய அழுத்தம் கால் கிலோவுக்குச் சற்று மேலே போவதே அபூர்வம். குடிநீர்க் குழாய்களுக்கான ஐ.எஸ். 4985 என்னும் இந்தியத் தரநிர்ணயமோ, யு.பி.வி.சி. குழாய்களை 2.5, 4, 6, 8, 10, 12.5 கிலோ என்று ஆறு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அவை இடைவிடாது தாங்கவல்ல அழுத்தம் அது. இவற்றுள் மிகத் தாழ்ந்த வகுப்பே நம் தேவையைப் போல் எட்டு மடங்கு பலமுடையதாயிருக்க, பத்துக் கிலோக் குழாய்க்கும் பன்னிரண்டரைக் கிலோக் குழாய்க்கும் கூடுதல் விலை கொடுப்பதில் பிரயோஜனமில்லை. பிரயோஜனமில்லை என்பதோடு நில்லாமல் நஷ்டமும் உண்டு. ஏனெனில் இந்தக் குழாய்களில் வெளிவிட்டம் எல்லா வகுப்புக்கும் ஒன்றே, ஆதலால் சுவர் தடிக்கத் தடிக்க உள்ளே ஜலம் போகும் வழிதான் குறுகுகிறது. ஆயினும் மிக மெல்லிய குழாயை நான் சிபாரிசு செய்வதில்லை. தோட்டத்தில் மண்வெட்டி படும்; குழந்தைகள் ஏறி மிதிப்பார்கள்; வெயிலில் குழாய் தொய்யும்; எலி கடித்துப் பார்க்கும். இவற்றை உத்தேசித்து, மோட்டாரிலிருந்து வெளியே செல்லும் பாதைக்கு ஆறு கிலோ வகுப்பும், மண்ணுக்குள் பத்திரமாகப் புதைந்து கிடக்கும் கழிவுப் பாதைக்கு நான்கு கிலோ வகுப்பும் போதும் என்பது என் அபிப்பிராயம். இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் போன்ற சிறிய அளவுகளில் மெல்லிய வகுப்புகள் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம்.

இனி, துவாரத்தின் அளவு. இந்த அத்தியாயத்தில் வாசகர் நிதானமாக நின்று படிக்க வேண்டிய பகுதி இதுவே. இரண்டரை மீட்டர் நீளமும், ஒன்றரை மீட்டர் அகலமும், எண்பது சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தில் மூவாயிரம் லிட்டர் ஜலம் கொள்ளும். தங்கமீனோ கோய் மீனோ வளர்ப்பவர்கள், அத்தனை ஜலமும் மணிக்கு ஒரு முறையாவது வடிகட்டி வழியே போய்வர வேண்டும் என்று விரும்புவது நியாயமே. அந்த வடிகட்டி பத்து மீட்டர் தள்ளி, குளத்தின் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள முக்கால் இஞ்சுக் குழாயின் உள்துவாரம் சுமார் 22 மில்லிமீட்டர். மணிக்கு மூவாயிரம் லிட்டர் ஜலம் அதன் வழியே பத்து மீட்டர் ஓடினால், சுவரோடு உராய்வதில் மட்டும் இரண்டேகால் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சமமான பலம் வீணாகிறது. அதே ஜலத்தை 32 மில்லிமீட்டர்க் குழாயில் விட்டால் அந்த நஷ்டம் சுமார் 70 சென்டிமீட்டராகக் குறைகிறது. 40 மில்லிமீட்டர்க் குழாயிலோ ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். துவாரத்தின் விட்டம் இரட்டித்தால் உராய்வு பாதியாகும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. குழாய்க் கடையில் 25-க்கும் 40-க்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரே ஒரு முறை கொடுக்கும் பணம். உராய்வை எதிர்த்துத் தள்ளுவதற்காகப் பெரிய மோட்டார் வாங்கினாலோ, மின்சாரக் கட்டணத்தில் அதை ஒவ்வொரு மாதமும் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். நாற்பது வாட் மோட்டார் ஒன்று நாள் முழுதும் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்க.

மோட்டார்ப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மணிக்கு 3500 லிட்டர், உயரம் 3 மீட்டர் என்று அடுத்தடுத்துப் போட்டிருப்பதைக் கண்டு, மூன்று மீட்டர் உயரத்துக்கு 3500 லிட்டர் ஏறிவிடும் என்று வாங்கிச் செல்பவர்கள் ஏராளம். அந்த இரண்டு எண்களும் ஒருங்கே நிகழ்வன அல்ல. உயரமே இல்லாதபோது வருவது 3500 லிட்டர். மூன்று மீட்டரை எட்டும்போது ஜலம் வெளிவராமல் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். மேற்சொன்ன குளத்தில் ஏற்றம் ஒரு மீட்டர், 25 மில்லிமீட்டர்க் குழாயின் உராய்வு இரண்டேகால் மீட்டருக்கு மேல். இரண்டையும் கூட்டினால் இந்த மோட்டாரின் எல்லையையே தாண்டிவிடுவதால், நாம் கேட்கும் மூவாயிரம் லிட்டர் அந்தக் குழாயில் ஒருபோதும் வரமாட்டாது. 40 மில்லிமீட்டர்க் குழாயிலோ மொத்தம் ஒன்றேகால் மீட்டருக்குள் அடங்குகிறது. சற்றே பெரிய மோட்டார் இதைச் சிரமமின்றிச் செய்யும். மோட்டார் குளத்தின் அடியில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது கணக்கில் சேராது. நீர்மட்டத்திலிருந்து ஜலம் விழும் இடம்வரையுள்ள உயரமே ஏற்றம். மோட்டாரின் வாய் சிறியதாயிருக்கிறதே, குழாயும் அதே அளவில்தான் இருக்க வேண்டுமோ என்ற தயக்கமும் வேண்டாம். வாயில் ஒரு ரெட்யூசரைப் பொருத்தி, உடனேயே பெரிய குழாய்க்கு மாறிக்கொள்வதே முறை.

திருப்பங்களும் பலத்தைத் தின்பவையே. செங்கோணமாக வளையும் எல்போ ஒன்று, தன் துவாரத்தைப்போல் முப்பது மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தருகிறது. 40 மில்லிமீட்டர்ப் பாதையில் அப்படி ஆறு எல்போக்களை வைத்தால், காணாத குழாய் ஆறு மீட்டருக்கு மேல் கூடிப்போகிறது. இடமிருக்கும் மூலைகளில் எல்போவுக்குப் பதிலாக நீண்டு வளையும் பெண்டையோ, நாற்பத்தைந்து பாகை எல்போ இரண்டையோ போடுவது நலம். சுருள் சுருளாக விற்கும் நெளிவுக் குழல் பார்வைக்கு அழகாயும் வளைக்க எளிதாயும் இருப்பினும், அதன் உட்சுவரும் நெளிந்திருக்குமாயின் உராய்வும் மிகும், அழுக்கும் தங்கும். உட்புறம் வழவழப்பாயுள்ள சுருள் ஹோஸ்களும் கிடைக்கின்றன. வாங்குமுன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

பெரிய துவாரமே எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாகாது. குளத்தின் அடியிலிருந்து மீனின் கழிவையும் மட்கிய இலையையும் சுமந்துகொண்டு, தன் போக்கில் வடிகட்டிக்கு இறங்கும் கழிவுப் பாதையில் விஷயம் தலைகீழாகிறது. அங்கே ஜலம் மிக மெதுவாகச் சென்றால், சுமந்துவந்த வண்டலை வழியிலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு போய்ச் சேரும். கோய்க் குளங்களுக்கு 110 மில்லிமீட்டர் அடிக்குழாய் போடும் வழக்கம் பிரசித்தமானது. மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் ஓடும் பெரிய குளத்தில் அந்தக் குழாய்க்குள் ஜலம் விநாடிக்கு முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நகர்வதால் வண்டல் தங்குவதில்லை. நம் உதாரணக் குளத்தின் மூவாயிரம் லிட்டருக்கு அதே குழாயைப் போட்டால் வேகம் பத்து சென்டிமீட்டராகக் குறைந்து, சில மாதங்களில் குழாயின் அடிப்பகுதி சேறாகிவிடும். 63 மில்லிமீட்டர்க் குழாயில் அதே ஜலம் முப்பது சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும்; இத்தகைய குளத்துக்கு அதுவே தகுதியான அளவு. மரத்தடியில் குளம் வெட்டியவர்கள் இலைக்காம்பு அடைக்குமென்று அஞ்சி 75-க்குப் போவார்களாயின், பாதையின் கோடியில் ஒரு வால்வை வைத்து, வாரம் ஒருமுறை அதை முழுவதும் திறந்து வேகமாக வெளியேற்றிவிடும் வழக்கத்தையும் மேற்கொள்ள வேண்டும்.

கண்ணாடித் தொட்டிக்கும் இதே நியாயந்தான், அளவு மட்டுமே சிறியது. இருநூறு லிட்டர்த் தொட்டியின் கீழே தனி வடிகட்டித் தொட்டி வைத்து மணிக்கு ஆயிரம் லிட்டர் சுழற்றுபவர்கள், மேலே ஏறும் பாதைக்கு 25 மில்லிமீட்டரையும், கீழே வழியும் பாதைக்கு 40 மில்லிமீட்டரையும் போட்டால் சப்தமின்றி நடக்கும். மோட்டார் தள்ளி ஏற்றுவதைத் தன் எடையினால் மட்டுமே இறங்கும் ஜலம் ஈடுகட்ட வேண்டியிருப்பதால், வழியும் குழாய் எப்போதும் ஏறும் குழாயைவிடப் பெரியதாயிருத்தல் அவசியம். ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால் வீட்டுத் தரையெல்லாம் வெள்ளமாகிவிடும். ஆதலால் சற்று மேலான மட்டத்தில் அதே அளவில் இன்னொரு வழிகுழாயை வைக்கத் தயங்க வேண்டாம். தொட்டியின் கண்ணாடி சூட்டினால் உறுதிப்படுத்தப்பட்ட டஃபன்ட் கண்ணாடியாக இருந்தால் அதில் துளையிடவே முடியாது, துளையிட்டால் முழுதும் நொறுங்கும் என்பதையும் முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பொருளாலான குழாய் என்னும் கேள்விக்கு, பெரும்பாலான வாசகர்களுக்கு நான் சொல்லும் விடை யு.பி.வி.சி. என்பதே. அது உப்புநீரிலும் அரிக்கப்படுவதில்லை, உட்சுவர் வழவழப்பானது, சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் விற்பனையாகின்றன. விவசாயத்துக்கும் போர்வெல்லுக்கும் வாங்கப்படும் சாம்பல் நிறக் குழாய், வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் கணக்கிடும் ஐ.எஸ். 4985-ஐச் சேர்ந்தது, வீட்டு உபயோகத்துக்கென ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று விற்கும் வெள்ளைக் குழாய், அமெரிக்க இஞ்சு அளவைத் தழுவியது. முன்னதில் ஒரு இஞ்சு என்று வழங்குவதன் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர், பின்னதில் 33.4. முன்னதில் ஒன்றரை இஞ்சு என்பது 50, பின்னதில் 48.3. ஒன்றின் எல்போவில் மற்றொன்று நுழையாது, அல்லது தளர்ந்து நிற்கும். தளர்ந்த மூட்டைப் பசையால் நிரப்பிச் சரிக்கட்டுபவர்கள் பின்னால் கசிவைத் தேடி அலைவார்கள். ஆகையால் ஒரு குளத்துக்கு ஒரே குடும்பத்தை வரித்துக்கொண்டு, குழாயும் எல்போவும் டீயும் வால்வும் அதிலேயே வாங்குவதே உசிதம். மீன்குளத்துக்கு ஷெட்யூல் 80-க்கு அவசியமே இல்லை. பாலேட்டின் நிறத்தில் உள்ள சி.பி.வி.சி. வெந்நீருக்காக ஏற்பட்டது, மீனுக்கு அதனால் தீங்கில்லை, வாங்குபவருக்குத்தான் வீண் செலவு.

கழிவறைக்கும் மழைநீருக்கும் ஏற்பட்ட எஸ்.டபிள்யூ.ஆர். குழாய், ரப்பர் வளையத்தோடு கூடியது, ஐ.எஸ். 13592-இன் கீழ் வருவது. குளத்தின் கழிவு தன்போக்கில் இறங்கும் பெரிய அளவுகளுக்கு அதன் ‘பி’ வகையை உபயோகிக்கலாம். மோட்டாரின் பாதையில் அதைச் சேர்க்கக் கூடாது. மின்சாரக் கம்பி இழுக்கும் கண்டூட் குழாயைத் தண்ணீருக்கு உபயோகிப்பதை எக்காரணத்தாலும் நான் ஒப்பமாட்டேன். அது ஜலத்துக்கென்று பரீக்ஷிக்கப்பட்ட பொருளன்று.

மேடுபள்ளமான தோட்டத்தில் நெடுந்தூரம் செல்ல வேண்டுமானால் எச்.டி.பி.இ. என்னும் கறுப்புக் குழாய் சிறந்தது. சுருளாகவே வருவதால் மூட்டுகள் குறைவு, வளைந்து கொடுக்கும், அதில் கலந்துள்ள கரித்தூள் வெயிலைத் தடுக்கும். ஆனால் பி.வி.சி. பசை அதில் ஒட்டவே ஒட்டாது. சூடேற்றி உருக்கி இணைக்க வேண்டும், அல்லது இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் இணைப்புகளை வாங்க வேண்டும். கையிலிருக்கும் துண்டு எந்த வகை என்று ஐயம் வந்தால் ஒரு வாளி ஜலத்தில் போட்டுப் பார்த்தால் போதும், பி.வி.சி. மூழ்கும், எச்.டி.பி.இ. மிதக்கும்.

மீனின் உயிரைப் பாதிக்கும் பொருள்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மிகுந்த கவலை உண்டு, ஏனெனில் இவற்றின் தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. பி.வி.சி.யை உருக்கிக் குழாயாக்கும்போது அது சிதையாதிருக்க ஒரு நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். நெடுங்காலம் அது ஈயக் கூட்டுப்பொருளாக இருந்தது. 2021-ஆம் ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குழாய்களில் ஈயத்தை ஒழிப்பதற்கென்றே விதிகளை வெளியிட்டது. ஆதலால் கிடங்கில் பல வருஷம் கிடந்த பழைய சரக்கையும், அச்செழுத்தே இல்லாத மலிவுக் குழாயையும் ஒதுக்கிவிட வேண்டும். நல்ல குழாயின் உடலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தரநிர்ணய எண், வகுப்பு, அளவு, தயாரித்த தொகுதி ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். வளைந்து கொடுக்கும் பி.வி.சி. ஹோஸ்களில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பசை மெல்ல ஜலத்தில் கசியும். தொட்டிக்குள் நிரந்தரமாகக் கிடக்க வேண்டிய குழலை உணவுத் தரமுள்ளதாகவோ சிலிகோனாகவோ வாங்குவது நலம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் தொங்கும் காற்றுக் குழலிலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. சாதாரணக் குழல் நாளடைவில் மரத்துப்போய் மூட்டில் கழன்றுவிடும், சிலிகோன் குழல் மிருதுவாகவே இருக்கும். பித்தளை வால்வும் துத்தநாகம் பூசிய இரும்பும் மீன்களின் பாதையில் வரலாகாது. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே விஷம். அமிலத்தன்மையுள்ள மென்னீரில் உலோகம் இன்னும் விரைவாகக் கரையும்.

1872-இல் ஓய்கன் பௌமன் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், கண்ணாடிக் குடுவையில் அடைபட்ட வைனைல் குளோரைடு வாயு வெயில் பட்டு வெள்ளைத் திடப்பொருளாக மாறுவதைக் கண்டார், அதுவே பி.வி.சி. அப்படி வெயிலில் தோன்றிய பொருளை நம்மூர் வெயிலே சில வருஷங்களில் வெளுக்கச் செய்து, தட்டினால் உடையும்படி ஆக்கிவிடுகிறது. குழாயைப் புதைப்பது சிறந்த பாதுகாப்பு. புதைக்க இயலாத இடத்தில் நீரில் கரைக்கும் எமல்ஷன் வர்ணத்தை வெளிர் நிறத்தில் பூசலாம், தின்னர் கலந்த வர்ணம் கூடாது. ஆறு மீட்டர்க் குழாய் முப்பது டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். கறுப்புக் குழாய் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளும். ஆகவே கிளாம்ப்கள் குழாயைத் தாங்க வேண்டுமேயன்றி நெரிக்கக் கூடாது.

மூட்டும் முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குழாயை நேர்க்குறுக்காக அறுத்து, பிசிறை நீக்கி, விளிம்பைச் சற்றுச் சாய்வாக ராவி, உள்ளே போக வேண்டிய ஆழத்தைக் குறித்துக்கொண்டு, இரு பரப்பையும் துடைத்து உலர்த்தியபின், கடைக்காரர் சொல்யூஷன் என்று கொடுக்கும் பசையைக் குழாயில் தாராளமாகவும் எல்போவின் உட்புறத்தில் மெல்லியதாகவும் தடவி, கால் சுற்றுத் திருகி அழுத்தி, அரை நிமிஷம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். எல்போவின் வாய் உட்புறம் குறுகிச் செல்வதால், பிடியை உடனே விட்டால் குழாய் தானே பின்வாங்கும். உள்ளே அதிகமாகத் தடவிய பசை மேடாக உறைந்து வழியை அடைக்கும். மரையுள்ள இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கிப் பின் சிறிதே திருகினால் போதும்; உலோக ஆண்மரையைப் பிளாஸ்டிக் பெண்மரைக்குள் முறுக்கினால் அது பிளந்துவிடும். மோட்டாருக்கும் வடிகட்டிக்கும் இருபுறமும் ஒரு பால் வால்வும் ஒரு யூனியனும் வைப்பது முதலில் செலவாகத் தோன்றினாலும், இவையில்லாத குளத்தில் ஒவ்வொரு முறை மோட்டாரைக் கழுவுவதற்கும் குழாயை அறுக்க நேரிடும். யூனியனின் ரப்பர் வளையத்துக்குச் சிலிகோன் கிரீஸ் இடுக. வாசலின் ரப்பரைக் கெடுக்கும்.

மின்சாரம் நின்ற கணத்தில், ஏறும் குழாயில் இருந்த ஜலம் பின்னோக்கித் திரும்பி, குழாயின் வாய் தொட்டிக்குள் மூழ்கியிருந்தால் தொட்டியின் ஜலத்தையும் உறிஞ்சிக் கீழே கொட்டிவிடும். திரும்பவிடாத வால்வு இதைத் தடுக்கும் என்று நம்பியிருப்பது சரியன்று. பாசியும் நத்தையும் சிக்கினால் அது மூடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, குழாயில் மூன்று நான்கு மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டுவிட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துபோகும். அந்தத் துளையை மாதம் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்வதும், அதுவரை இறங்கக்கூடிய ஜலம் கீழ்த்தொட்டியில் கொள்ளுமா என்று மோட்டாரை நிறுத்திப் பார்ப்பதும் வளர்ப்பவரின் கடமை.

கடைசி மூட்டுக்குப் பின் ஒரு முழு நாளாவது, மழைக்காலத்தில் அதற்கும் மேல், பசை காயவிட வேண்டும். பிறகு பள்ளத்தை மூடாமலே ஜலத்தை நிரப்பி, மோட்டாரை ஓட்டி, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்து, அந்த முதல் ஜலத்தை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். பசையின் கரைப்பானும் புதுக் குழாயின் தூளும் அதில்தான் மிகுதியாக இருக்கும். இரண்டாம் ஜலத்தில் பசையின் வாடை இல்லையென்று உறுதியானபின் பள்ளத்தை மூடலாம். வடிகட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வளர்த்து, மீன் விடும் பருவத்துக்குக் குளத்தைக் கொண்டுவரும் முறை அடுத்த அத்தியாயத்தில் கூறப்படும்.